எங்கள் தீவுக்கு நீர்மூழ்கி வந்த வாரம்

1

நாங்கள் குடியிருக்கும் தீவுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் தலைநகருக்கும் நடுவே உள்ள கடலில், ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மேலே வந்து நின்றது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதியே ஆகவேண்டும் என்று அன்றிலிருந்து கை பரபரக்கிறது. அந்த ஒரு வாரத்தில் நடந்தது இங்கே வந்து சேர்ந்த எட்டு வருஷத்தில் நடக்கவில்லை.

எந்த ஊர் என்று கேட்பீர்கள். உலகப் படத்தில் ஸ்காட்லாந்துக்கு மேலே, ஐஸ்லாந்துக்குக் கீழே, அச்சகத்தில் மை சிதறியது போல நாலைந்து புள்ளிகள் தெரியும். அவைதான் ஃபாரோ தீவுகள். அதிலும் தலைநகரான டோர்ஷவன் இருக்கும் பெரிய தீவில் நாங்கள் இல்லை. அதற்கு எதிரே, சின்னப் படகில் இருபது நிமிஷத் தூரத்தில் நோல்சோய் என்றொரு தீவு இருக்கிறது. ஒரு கிராமம், ஒரு மலை, ஒரு தேவாலயம், ஏராளமான ஆடுகள். கார் கிடையாது. என் கணவர் தரணி கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் வேலை பார்த்தவர். காற்று எங்கே ஜாஸ்தியோ அங்கே போவதுதான் அந்த வேலை. அப்படியே போய்ப் போய், உலகத்திலேயே காற்று ஓயாத இடத்துக்கு என்னையும் எங்கள் மகள் சாருவையும் கூட்டி வந்துவிட்டார்.

நாங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் வீடு. இங்கே டிசம்பரில் மத்தியானம் மூன்று மணிக்குப் பொழுது சாய்ந்துவிடும். ஜூனில் ராத்திரி பதினொன்றரைக்கு வெளிச்சம் இருக்கும். முதல் வருஷம் குளிர்காலத்தில் இரண்டரை மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பசியோடு படுத்தேன். பிறகு, இந்த ஊர்ச் சூரியனிடம் சொல்லிக்கொள்ளாமல் கடிகாரத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். ஆறு மணி. கோடையோ குளிரோ, ஆறு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும்.

2

டோர்ஷவனில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை எனக்கு. திருவண்ணாமலையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவள், இங்கே நாலு வயசுப் பிள்ளைகளிடம் மொழி கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் நல்ல வாத்தியார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், திருத்துவார்கள், அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் தப்பைக் கேட்டும் கேட்காதது போல இருந்து நம்மைக் கெடுப்பவர்கள்.

அந்த வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு குட்டிப் பெண் ஓடி வந்து, கவ்போவத்துர் வரப்போகிறதாம் என்றாள். இவர்கள் மொழியில் பனிக்கு ஒரு சொல் உண்டு. எழுத்தில் நம் 'கவி' மாதிரியே இருக்கும். போவத்துர் என்றால் படகு. இரண்டையும் கூட்டி, பனி அள்ளும் வண்டி போல ஏதோ வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஜூனில் பனியா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பிள்ளைகளின் பெற்றோருக்கு அனுப்பும் தினசரித் தகவலில், திங்கட்கிழமை பனி எதிர்பார்ப்பதால் கம்பளிக் கையுறையும் பூட்ஸும் கொடுத்தனுப்பவும் என்று எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை நல்ல வெயில். அதிலும் பிள்ளைகள் பொதிமூட்டை போல வந்து இறங்கினார்கள். தலைமை ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டு, வெகு மரியாதையாக, ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினார். அவர்கள் மொழியில் 'கவ' என்றால் முங்குவது. முங்கும் படகு. நீர்மூழ்கி. வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. கையுறை போட்ட பதினாறு பிள்ளைகளும் நானும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம்.

கறுப்பு. நம் ஏரியில் முங்கிக் கிடக்கும் எருமை முதுகைக் காட்டுமே, அந்தக் கறுப்பு. நடுவில் ஒரு திமில். அந்த முதுகின்மேல் எறும்பு போல மனிதர்கள். பக்கத்தில் வெள்ளைக் காவல் படகு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது சந்தோஷத்தில். ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒருவன் அப்படி ஒன்றுக்குள்ளேதான் பத்து வருஷத்துக்கும் மேலாக வாழ்கிறான். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

3

அவன் என் தம்பி நேமிராஜ். வீட்டில் நேமி. நம் நாட்டுக் கடற்படையில் நீர்மூழ்கியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "கேக்கறதுதான்கா வேலை" என்பான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வரும் ஓசைகளைப் பிரித்துச் சொல்பவன். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. போனால் மாதக்கணக்கில் போன் கிடையாது. எங்கே போனான், எப்போது வருவான் என்பதும் கிடையாது.

அம்மாவுக்கு அது பெரிய ரணம். அப்பா போன பிறகு செங்கம் ரோட்டில் எங்கள் லாட்ஜை அம்மாதான் நடத்துகிறார். பௌர்ணமிக்கு அறை கேட்டு வாசலில் ஆள் நிற்கும். மற்ற நாளில் அம்மா மேஜைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து நியூஸ் பார்ப்பார். அறை எடுக்க வருகிறவர்கள் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால், பொண்ணு வெளிநாட்டில், பையன் விசாகப்பட்டினத்தில் ஆபீஸ் உத்தியோகம் என்பார். நீர்மூழ்கி என்ற சொல் அம்மாவின் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. உயிர்களுக்குத் தீங்கு செய்யாதே என்று வளர்த்த பிள்ளை குண்டு சுமக்கும் கப்பலில் போவது ஒரு வருத்தம் என்றால், அவன் பூமிக்குக் கீழே புதைந்து கிடப்பது போன்ற நினைப்பு இன்னொரு வருத்தம்.

இந்த ஜூனில் நேமி ஒரு மாத விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் பணிக்காலம் முடியப்போகிறது. நீட்டித்துக்கொள்வதா, வெளியே வந்துவிடுவதா என்று விடுப்பு முடிவதற்குள் சொல்லவேண்டும். அம்மா மேல்மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, அவனுக்கென்று ஒரு அறையைத் தயார் செய்து வைத்திருந்தார். கேட்கவில்லை, அடித்துவிட்டார். நேமியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாம்பாரைப் பற்றியும் கரண்ட் பில்லைப் பற்றியும் பேசிக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள் என்பது எனக்கு போனிலேயே தெரிந்தது.

அம்மா என் தீவைப் பார்த்ததில்லை. வரப் புறப்பட்டது உண்டு. டென்மார்க் விசா எடுத்தால் போதும் என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி எடுத்தோம். அந்த விசாவில் ஃபாரோ தீவுகளுக்கும் செல்லும் என்று தனியாக ஒரு வரி இருக்கவேண்டுமாம். இல்லை. கோபன்ஹேகன் விமான நிலையத்தில், எங்கள் ஊருக்கான வாசல் வரை வந்த அம்மாவைத் திருப்பிவிட்டார்கள். நானும் சாருவும் அங்கே போய் இரண்டு வாரம் அம்மாவோடு தங்கினோம். திரும்பும்போது, உன் ஊரைத் தவிர மத்த ஊரெல்லாம் பார்த்துட்டேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

நேமிக்கு மட்டும் என் தீவு முன்னாலேயே தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்பு இங்கே வருவதாகச் சொன்னபோது, குடும்பத்தில் ஒருவருக்கும் அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. அவன் மட்டும், "உங்க ஊர் பேர் எங்க பாடத்துலயே வரும்கா" என்றான். வடக்கே பனிக்கடலில் இருந்து பெரிய சமுத்திரத்துக்கு இறங்குகிற எந்த நீர்மூழ்கியும் இந்தத் தீவுகளுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான் புகுந்து போகவேண்டுமாம். அதனால் எழுபது எண்பது வருஷமாகப் பெரிய தேசங்கள் இங்கே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்றான். ஆடு மேய்க்கும் ஊர் என்று நினைத்து வந்த எனக்கு அது பிறகுதான் உறைத்தது.

4

இந்த ஊர்க்காரர்கள் நீர்மூழ்கி விஷயத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். நேச நாட்டுக் கப்பல், ஆள் மாற்றிக்கொண்டு, காய்கறி ஏற்றிக்கொண்டு, நாலு நாளில் போய்விடும், நமக்கும் பாதுகாப்பு என்று ஒரு கட்சி. இந்தக் குறுகிய கடலில் அணு உலையைக் கொண்டுவந்து நிறுத்தினால் நம் மீனுக்கும் பிள்ளைகளுக்கும் யார் பொறுப்பு என்று இன்னொரு கட்சி. சாரு இரண்டாவது கட்சி. அவளுக்குப் பதினைந்து வயது. தீவுப் பெண்களின் ஆறு துடுப்புப் படகில் மூன்றாவது துடுப்பு அவளுடையது.

ஏழு வயதில் இங்கே வந்தவள். முதலில் கனவு தமிழில் கண்டாள், என்னிடம் சொல்வாள். பிறகு இரண்டு மொழியிலும் கண்டாள். இப்போது கனவைப் பற்றி என்னிடம் சொல்வதில்லை. நான் தமிழில் கேட்டால் அவர்கள் மொழியில் பதில் வரும். என் அம்மாவோடு பேசச் சொன்னால் போனைப் பார்த்து ஒரு புன்னகை, ஒரு கையசைப்பு, "நல்லா இருக்கேன்", அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் படகில் வீடு திரும்பும்போது நீர்மூழ்கியைப் படம் எடுத்து நேமிக்கு அனுப்பினேன். உடனே அவனே கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு துள்ளல். எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறது, மேலே எத்தனை பேர் என்று கேள்விமேல் கேள்வி. பக்கத்தில் இருந்த சாருவிடம் போனைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், வகுப்பில் எல்லோரும் நீர்மூழ்கிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், மாமா அதே வேலை செய்கிறவர் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, ஹோட்டல் நடத்துகிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. அங்கே அம்மா, இங்கே இவள். ஒருவரோடொருவர் நாலு வாக்கியம் பேசிக்கொள்ளாத இரண்டு பேர், ஒரே ஆளைப் பற்றி ஏறக்குறைய ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

5

புதன்கிழமை சாருவின் படகுக்காரர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். காவல் படகு போட்டிருக்கும் எல்லைக்கு வெளியே நீர்மூழ்கியை ஒரு சுற்று சுற்றி வருவது, நீர்மூழ்கி வேண்டாம் என்று எழுதிய துணியைப் படகின் ஓரத்தில் கட்டிக்கொள்வது. ஆறு பெண்களும், பின்னால் உட்கார்ந்து திசை பிடிக்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியும். கடல் கண்ணாடி போல இருந்தது. தீவில் யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

நான் வேலை முடிந்து மூன்றரை மணிப் படகில் வரும்போது அவர்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தார்கள். கரை இறங்கி வீட்டுக்குப் போய்க் குக்கர் வைத்திருப்பேன். ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. இந்த ஊர்க் கோடையில் மூடுபனி நடந்து வருவதில்லை, கதவைத் திறந்து உள்ளே வந்துவிடும். வெளியே ஓடினேன். துறையின் முனையில் நின்றால் என் செருப்பு தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை.

சிறிது நேரத்தில் தீவே துறையில் கூடிவிட்டது. திசை பிடிக்கும் பெண்ணின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மற்றவர்கள் துடுப்புப் போடும்போது போன் கொண்டுபோவதில்லை. டோர்ஷவன் மீட்புப் படகுக்குத் தகவல் போயிற்று. ஆனால் விசைப்படகை வேகமாக விட்டால் துடுப்புப் படகின்மேல் ஏற்றிவிடும் அபாயம். மெதுவாகத்தான் வரும் என்றார்கள். இதற்குள் யாக்குப் என்பவர், சாருவின் படகில் முதல் துடுப்புப் போடும் பெண்ணின் அப்பா, தேவாலயத்துக்கு ஓடிப்போய் மணியை அடிக்கத் தொடங்கினார். இரண்டு பேர் டிராக்டர் ஹாரனை அழுத்திப் பிடித்தார்கள். ஒருவர் மீன்பிடிப் படகின் ஊதலை ஊதினார். எதிர்க்கரையில் கப்பல்களும் ஊதின. எங்கே பார்த்தாலும் வெள்ளை, எங்கே கேட்டாலும் சத்தம்.

தரணி வேறு தீவில், காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் இருந்தார். போன் போகவில்லை. அடுத்து விரல் தானாக நேமியின் பெயருக்குப் போயிற்று. திருவண்ணாமலையில் அப்போது ராத்திரி ஒன்பது இருக்கும். அம்மாவும் அவனும் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் பதறவில்லை.

"அக்கா, போனைக் கடல் பக்கமா நீட்டு. பேசாத."

நீட்டினேன்.

"எவ்ளோ சத்தம் விடறீங்க! மலையில பட்டுத் திரும்பி வேற வருது. தண்ணியில இருக்கறவங்களுக்கு நாலு பக்கமும் கரைனு தோணும். எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு. ஒரே ஒரு சத்தம் போதும். ஊதறது வேணாம், திசை தெரியாது. இரும்பு மாதிரி சுருக்குனு இருக்கணும். அடி, நிறுத்து. அடி, நிறுத்து. நிறுத்தறதுதான்கா முக்கியம். அவங்க கத்தினா உங்களுக்குக் கேக்க வேணாமா?"

வீடு துறைக்குப் பின்னாலேயே. என் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய எவர்சில்வர் தாம்பாளமும் இரும்புத் தோசைத் திருப்பியும் கையில் வந்தன. திரும்பி ஓடி வந்தேன். இனிமேல்தான் கஷ்டம். மொத்தத் துறையையும் வாயை மூடச் சொல்லவேண்டும். எட்டு வருஷத்தில் நான் கற்ற இலக்கணம் எல்லாம் அந்த நிமிஷம் பறந்துவிட்டது. வாயில் வந்தது பாலர் பள்ளியில் கதை நேரத்துக்கு முன்பு நான் தினமும் சொல்லும் வாக்கியம்தான். இப்போது நாம் எல்லோரும் வாயைப் பூட்டுகிறோம், முயல் காதை எடுத்து வைத்துக்கொள்கிறோம். அதை உச்சக் குரலில் சொன்னேன்.

ஆறடி உயர மீனவர்கள். ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள். டிராக்டர் ஹாரன் நின்றது. ஊதல் நின்றது. அவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் படகேறி எங்கள் பள்ளிக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அந்த வாக்கியத்தை நான்தான் சொல்லியிருக்கிறேன். மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் அதையும் நிறுத்த, யாக்குப் சிவந்த முகத்தோடு இறங்கி வந்தார். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

"என் தம்பி," என்றேன். "அவன் நீர்மூழ்கியில் ஓசை கேட்பவன்."

துறையில் கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் நீர்மூழ்கிக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டவர்கள். யாக்குப் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார்.

"அப்படியானால் அடி," என்றார்.

அடித்தேன். நிறுத்தினேன். அடித்தேன். நிறுத்தினேன். அந்த இடைவெளியில் ஒரு தீவு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் நேமி, "அவசரப்படாத. விட்டு அடி" என்றான். அதற்குப் பின்னால் அம்மா எங்கள் நவகார மந்திரத்தை முணுமுணுக்கும் சத்தம் சன்னமாகக் கேட்டது. கை வலித்தபோது யாக்குப் வாங்கி அடித்தார். அவர் அடி என் அடியைவிட நன்றாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஓர் இடைவெளியில், கட்டையில் துடுப்பு உரசும் சத்தம் வந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. அடுத்த இடைவெளியில் அது கிட்டே வந்தது. பிறகு வெள்ளைக்குள் இருந்து படகின் மூக்கு, ஆறு முதுகுகள், அவற்றுக்குப் பின்னால் ஐம்பதடி தள்ளி, காவல் படகின் ரப்பர்ப் படகு ஒன்று பூனை போலத் தொடர்ந்து வந்தது. துறையில் கிளம்பிய சத்தத்தை எந்த முயல் காதும் தாங்கியிருக்காது. நான் தோசைத் திருப்பியோடு சாருவைக் கட்டிக்கொண்டேன். அவள் தலை நனைந்திருந்தது. பையில் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சாரு, சாப்ட்டியா?"

"இல்ல ஆயா," என்றாள் சாரு. பிறகு அழுதாள்.

6

நடந்ததை அவள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். மூச்சுவிடாமல், பாதித் தமிழ், பாதி அவர்கள் மொழி. மூடுபனி விழுந்ததும் எல்லாப் பக்கமும் ஹாரன் கேட்டதாம். பெரிதாகக் கேட்ட ஒன்றை நோக்கித் துடுப்பு போட்டார்களாம். திடீரென்று எதிரே ஒரு கறுப்புச் சுவர். இரண்டு துடுப்பு நீளத்தில் நீர்மூழ்கி. வேண்டாம் என்று எழுதிய துணியோடு நேராக அதன் மடியிலேயே போய் நின்றிருக்கிறார்கள். மேலே நின்றவர்கள் கையை ஆட்டி நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். காவல் படகில் இருந்து ரப்பர்ப் படகு வந்தது. கயிறு போட்டு இழுத்துப் போகிறோம் என்று அதில் இருந்தவர் சொல்ல, திசை பிடிக்கும் பெண் முடியாது என்றாளாம். எதிர்ப்புத் தெரிவிக்க வந்துவிட்டு அவர்கள் கயிற்றில் போவதா?

அப்போதுதான் ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கி, தூரத்தில் ஒரு கிணீர்ச் சத்தம் கேட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு என்னவென்று புரியவில்லை. சாரு மட்டும், அது எங்கள் வீட்டுத் தாம்பாளம், எங்கம்மா அடிக்கிறார் என்று கத்தினாளாம். ரப்பர்ப் படகுக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் மோட்டாரை அணைத்தார். அவர்கள் நன்றாகக் கேட்கட்டும் என்று. திசை பிடிபட்டதும் மறுபடி கிளப்பி, கரை வரை பின்னாலேயே வந்தார்.

மோட்டாரை அணைத்தது அவளுக்குள் எங்கேயோ போய்த் தைத்திருந்தது. அதையே மூன்று தடவை சொன்னாள். இழுத்துப் போயிருக்கலாம், எங்களைக் கேட்கவிட்டார் என்றாள்.

திருவண்ணாமலையில் நடந்ததை மறுநாள் நேமி எனக்குச் சொன்னான். நான் போனை வைத்த பிறகு அம்மா டிவியை அணைத்துவிட்டு, அவனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். பத்து வருஷமாகக் கேட்காததையெல்லாம் கேட்டாராம். உள்ளே வெளிச்சம் இருக்குமா, சாப்பாடு எப்படி, கறி இல்லாமல் உனக்குத் தனியாகச் செய்து தருவார்களா, மூச்சு முட்டாதா. சொல்லக்கூடியதை எல்லாம் அவன் சொன்னான். தண்ணீருக்குள்ளே என்னதான் கேட்கும் என்றதற்கு, நம் பக்கத்துக் கடலில் கரையோரம் வந்தால் வேர்க்கடலை வறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்றானாம். விரல் நீளத்துக்கு ஒரு சின்ன எறா, கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது, லட்சக்கணக்கில். திமிங்கிலம் பேசுவதும் கேட்கும். 

பிறகு, அந்தக் கப்பலில் ஆயுதம் இருக்கிறதல்லவா என்று அம்மா நேராகக் கேட்டார். இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்றான் நேமி. எனக்கு அதில் சமாதானம் கிடையாது, கடைசி வரைக்கும் கிடையாது என்றார் அம்மா. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை என்றான். அதற்கு அப்புறம்தான் இதைக் கேட்டிருக்கிறார்.

"உனக்கு அந்த வேலை புடிச்சிருக்குதாடா?"

"ரொம்பப் புடிச்சிருக்குதும்மா."

"அப்ப போ. லாட்ஜுக்கு நான் ஆள் வெச்சிக்கறேன்."

மறுநாள் காலை அறை கேட்டு வந்த தம்பதிக்கு, புதுச் சுண்ணாம்பு அடித்த மேல்மாடி அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தாராம்.  

7

வெள்ளிக்கிழமை நீர்மூழ்கி கிளம்பியது. வேலைக்குப் போகும் படகில் இருந்து பார்த்தேன். சத்தமே இல்லாமல் நகர்ந்து, தீவின் தெற்கு முனையைத் தாண்டி, ஆழம் வந்ததும் முங்கிப் போயிற்று. பாலர் பள்ளியில் பிள்ளைகள் முங்கும் படகுக்கு டாட்டா காட்டினார்கள். பனி ஏன் பெய்யவில்லை என்று ஒரு பையன் மட்டும் என்னிடம் கணக்குக் கேட்டான்.

யாக்குப் அந்தப் பெண்களின் படகுக்கு ஒரு நல்ல ஊதலும் வாக்கி டாக்கியும் வாங்கிப் போட்டிருக்கிறார். நீர்மூழ்கி இனிமேல் வரக்கூடாது என்பதில் அவரோ அவர் கட்சியோ ஓர் அங்குலம் நகரவில்லை. சாருவும் நகரவில்லை. அடுத்த மாதம் பாராளுமன்றத்துக்குக் கொடுக்கும் மனுவில் முதல் பத்துப் பேரில் அவள் கையெழுத்து இருக்கிறது. அம்மா மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். இந்தத் தடவை அந்த ஒரு வரி இருக்கிறதா என்று ஏஜெண்டை நாளைக்கு இரண்டு தடவை கேட்கிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் சாரு தமிழில் பேசும் குரல் கேட்டது. யாரும் சொல்லாமல் அவளாகவே நேமியைக் கூப்பிட்டிருந்தாள். அவன் விடுப்பு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அது. தேடித் தேடிச் சொற்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் கப்பல் நல்லதில்லை, எந்த நாட்டுக் கப்பலும் நல்லதில்லை, ஆனால் நீங்கள் நல்ல மாமா என்றாள். என் வகுப்பில் எல்லோரிடமும் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன், நிறையக் கேள்வி கேட்டார்கள் என்றாள். பிறகு, எதிராக என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல் கிடைக்காமல் தடுமாறி, இப்படிச் சொன்னாள்.

"மாமா, ஒரு நாள் நீங்க அந்தக் கப்பல்ல எங்க ஊருக்கு வந்தா, நான் உங்களுக்கு எதிர்ல படகு ஓட்டுவேன்."

திருத்தலாம் என்று எழுந்தவள் அப்படியே நின்றேன்.

"எதிர்லயே வா," என்றான் நேமி. "துடுப்புச் சத்தம் தண்ணிக்குள்ள நல்லா கேக்கும். மூணாவது துடுப்பு உன்னுதுதானே? நீ வர்றது எனக்குத் தெரிஞ்சிடும்."